அந்த நாட்டில் ஆண்கள்தான் சமைக்கிறார்கள்

ஒரு நாட்டைக் காதலிப்பது பெரிய தொல்லை. மனைவியிடம் மறைக்கவும் முடியாது, சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். புது மாடலைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ள, கம்பெனி என்னைக் கடல் தாண்டி அனுப்பியது. போன இடத்தில் மனசைத் தொலைத்துவிட்டேன். அங்கே லிஃப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கூட வணக்கம் சொல்கிறார். இங்கே லிஃப்டுக்குள் நான் பார்த்ததெல்லாம் பிடரிகள்தான். சாயங்காலம் அங்கே ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தால் அழுகை வரும், அவ்வளவு அழகு.

இப்போது அதே ஊரில் இரண்டு வருஷ வேலை. குடும்பத்தோடு போகலாம் என்கிறார் மேனேஜர். குடும்பம் என்றால் ஒரே ஒரு ஆள். அந்த ஆளைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அக்கா வீட்டுக்குப் போனாலே மறுநாள் திரும்பிவிடுகிறவள். நேராகக் கேட்டால் காரியம் கெடும். தூண்டிலில் புழுவை மாட்டினேன்.

"அங்கெல்லாம் பொம்பளைங்க அடுப்பங்கரையை எட்டிக்கூடப் பாக்கறதில்ல, தெரியுமா?"

"அப்ப சமையல்?"

"புருஷன்தான். பாத்திரம், துணி, எல்லாம் அவன்தான்."

"எல்லா வீட்லயுமா?"

"ஒரு வீடு பாக்கியில்லாம!"

அவள் கண் விரிந்தது. மீன் கடித்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லையேங்க. திடீர்னு சும்மா உக்காருன்னா உக்கார வருமா? இங்கயே கொஞ்ச நாள் பழகிப் பாக்கறேன்."

பழகினாள். சோபாவில் காலை நீட்டிப் பழகினாள். நான் வெங்காயம் நறுக்கி அழுதேன். முதல் நாள் சமைத்ததை என்னாலேயே சாப்பிட முடியவில்லை. அவள் சாப்பிட்டாள்.

"அந்த ஊர் ருசி போல" என்றாள்.

இன்னொரு நாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "ஏங்க, அந்த ஊர்ல பாத்திரத்தோட அடிப்பக்கம் தேய்க்க மாட்டாங்களோ?"

ஒரு மாதம் இப்படியே ஓடியது. மேனேஜர், "நாளைக்குள்ள பதில் சொல்லுய்யா" என்றார். அன்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். தூண்டில், புழு எல்லாம் மறந்துபோயிற்று.

"அந்த பெஞ்ச்ல உக்காந்து ஆத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். 'இங்க பாரேன்'னு உன்கிட்ட சொல்லத் திரும்புவேன். பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. நீ வரலேன்னா எனக்கும் அந்த ஊர் வேணாம்."

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"வரமாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்? நீங்க திரும்பி வந்த அன்னிக்கு அந்த ஆத்து ஃபோட்டோவைக் காட்டுனீங்களே, அப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு ஒரு மாசமா என்னை இந்தப் பாடு படுத்தின?"

"நீங்க தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, பாவம் அந்தம்மாதான் எல்லாம்னு ஃபோன்ல சொன்னது நீங்கதானே? அந்த ஊரு ஆம்பளைங்களை நம்பி எப்படி வர்றது? அதான், இங்கேருந்தே ஒருத்தரைத் தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்."