பிரதிநிதிக் கன்று

பண்ணையில் புரட்சி வென்று முதலாளி ஓடிப்போன மூன்றாம் மாதம், கன்றுகள் தத்தம் தாயிடம் பால் குடிப்பதற்கான நடைமுறையை வகுத்து நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதுவரை கன்றுகள் எந்த நடைமுறையும் இல்லாமல், தாய் எங்கே நின்றதோ அங்கே போய் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. விடுதலை பெற்ற ஒரு பண்ணைக்கு இது அழகல்ல என்று கருதப்பட்டது.

புரட்சியே பாலுக்காகத்தான் நடந்தது. முதலாளி கன்றுகளைக் கட்டிப்போட்டுவிட்டு, மடியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கறந்தார். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். இந்த அக்கிரமத்தைப் பொறுக்காமல்தான் 'கன்றுக்கே பால்' என்ற முழக்கத்தோடு பண்ணையே எழுந்தது. முன்னணியில் நின்று வாசல் கதவை முட்டித் திறந்தவர் செம்மறிக் கிடா. கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது என்று சிலர் சொன்னதுண்டு. அவர்கள் இப்போது பண்ணையில் இல்லை.

முழக்கம் சட்டமானதும் அதைக் கவனிக்க ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. முதலாளியின் முன்னறையில் கன்று நல வாரியம் திறக்கப்பட்டது. கிடா தலைவரானார். கோப்புகளுக்கு வெள்ளாடு; எவ்வளவு காகிதம் வந்தாலும் சாயங்காலத்துக்குள் மேசையைக் காலி செய்துவிடும் திறமை அதற்கு இருந்தது. பாலின் தரத்தை ஆராயப் பூனை. விரல் உள்ள ஒரே தோழர் என்பதால் கறவைக்குக் குரங்கு.

செவலைப் பசுவுக்குக் கன்று பிறந்து அப்போது நாலு நாள். சுற்றறிக்கை வந்த காலையிலேயே கன்றைப் பிரித்து, தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மற்ற கன்றுகளோடு நிறுத்திவிட்டார்கள். கட்டிப்போடவில்லை. கயிறு பழைய ஆட்சியின் சின்னம். கோட்டைத் தாண்டினால் நாய் கடிக்கும், அவ்வளவுதான்.

கனத்த மடியோடு செவலை வாரியத்துக்கு ஓடினாள்.

“அண்ணே, புள்ள காலையிலேர்ந்து குடிக்கலண்ணே!”

“தலைவரேன்னு கூப்பிடும்மா,” என்றது வெள்ளாடு, எதையோ மென்றபடி.

“தலைவரே, என் கன்னுக்குப் பால் குடுக்கணும்.”

“தாராளமா குடு. அதுக்குத்தானே இத்தனை பேர் உக்காந்திருக்கோம்?” என்றார் கிடா. “அது உன் கன்னுதானா?”

“நான் பெத்ததுங்க. நீங்களே பக்கத்துல நின்னு பாத்தீங்களே!”

“அது தனிப்பட்ட முறையில பாத்தது. பதவியில செல்லாது. தாய்ச் சான்று வேணும்.”

“யாருங்க குடுப்பாங்க?”

“நான்தான். விண்ணப்பம் எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் போய்க் கேட்டபோது வெள்ளாடு ஏப்பம் விட்டது.

“அது பைசல் ஆயிடுச்சு. வேற ஒண்ணு குடு. தாள் கொஞ்சம் தடியா இருந்தா நல்லது.”

இரண்டாவது விண்ணப்பம் தப்பிப் பிழைத்துத் தலைவரிடம் போனது. கன்றை அழைத்துவந்து காட்டச் சொன்னார். கன்று எழுந்து நின்றது. நான்கு கால்களும் நான்கு பக்கம் நடுங்கின.

“இவ்வளவு நோஞ்சானாவா இருக்கும்? பால் குடுத்து ஏதாவது ஆயிட்டா யாரு பொறுப்பு? தெம்பானதும் கூட்டிட்டு வா.”

“பால் குடிச்சாத்தானே தெம்பு வரும்?”

“பாத்தியா, உனக்கே தெரியுது! அப்புறம் ஏன்மா பச்சப்புள்ளைய ரெண்டு நாளா பட்டினி போட்டு வச்சிருக்கே?”

வாரியம் செவலையின் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதற்கிடையில் பால் வீணாகக் கூடாதல்லவா? கன்று முகத்தைப் பார்க்காமல் அவள் பால் சுரக்க மறுத்ததால், கொட்டகையிலிருந்து பழைய வைக்கோல் கன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள்.

“இது முதலாளி வச்சிருந்ததாச்சே!” என்று செவலை அலறினாள்.

“அவன் வச்சிருந்தப்ப இது பித்தலாட்டம். நாம வச்சா பிரதிநிதி,” என்றார் கிடா. “எல்லாக் கன்னும் ஒரே நேரத்துல குடிக்க முடியுமா? எல்லார் சார்பாவும் இது குடிக்கும்.”

குரங்கு கறந்தது. பூனை தரத்தை ஆராய்ந்தது. ஒரு தடவையில் தரம் பிடிபடவில்லை என்று பானையின் அடி வரைக்கும் ஆராய்ந்தது. கூட்டங்களில் முழங்கி வறண்ட தொண்டைக்காகத் தலைவர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். 'பிரதிநிதிக் கன்று இன்று வயிறாரக் குடித்தது. பண்ணையில் பசி இல்லை' என்று சாயங்காலம் அறிக்கை வந்தது.

பிரதிநிதியின் புகழ் இரண்டே நாளில் பரவியது. அழுவதில்லை, கேட்பதில்லை, எந்நேரமும் நிறைந்த வயிறு! கோழிகள் கொக்கரிப்பதை விட்டுவிட்டு விறைப்பாக நடக்கத் தொடங்கின. காதோரம் நாலு வைக்கோலைச் செருகிக்கொள்ளாத வாத்தை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

செவலையின் கன்று இப்போது எழுந்து நிற்பதையும் நிறுத்திவிட்டது.

மறுநாள் விடிந்ததும், நாய் தன் பங்கு எலும்புக்காக வரிசையில் நின்ற நேரம் பார்த்து, அவள் கன்றைத் தள்ளித் தள்ளிக் கோட்டைக் கடத்தினாள். வைக்கோல் கன்றின் வயிற்றுத் தையலைப் பல்லால் பிரித்தாள். உள்ளே இருந்த வைக்கோலைத் தானே தின்று தீர்த்தாள். வெறும் தோலைக் கன்றின் மேல் போர்த்தி மடியருகே நிறுத்தி, “சத்தம் போடாமக் குடிடா ராசா,” என்றாள்.

குரங்கு வந்து பார்த்தது. போட்டது போட்டபடி ஓடியது. “பிரதிநிதி குடிக்கிறாரு! நெசமாவே குடிக்கிறாரு!”

வாரியம் மூச்சிரைக்க ஓடிவந்தது. பூனை பானையை எட்டிப் பார்த்தது. காலி.

“மோசடி!” என்று பூனை சீறியது. “உள்ள உசிரோட கன்னு இருக்கு! புடிங்க அத!”

“சும்மா இரு,” என்றார் கிடா, பல்லைக் கடித்துக்கொண்டு. “பிரதிநிதி தினமும் குடிக்குதுன்னு நாமதான் எழுதியிருக்கோம். இன்னைக்குக் குடிச்சது மோசடின்னா, இத்தனை நாளா யாரு குடிச்சதுன்னு கேக்க மாட்டாங்க?”

பூனை மீசையை நக்கிக்கொண்டது.

கிடா கன்றின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீயே பிரதிநிதியா இருந்துக்கோ. உன் பங்கு உனக்கு, எங்க பங்கு எங்களுக்கு. தோலக் கழட்டக் கூடாது. வெளியில கத்தக் கூடாது. சம்மதமா?”

கன்றின் வாய் மடியில் இருந்தது. தாய்தான் தலையாட்டினாள்.

வாரியத்தின் சீரிய பராமரிப்பால் வைக்கோலுக்கே உயிர் வந்துவிட்டதாக மத்தியானம் அறிவித்தார்கள். பண்ணையே திரண்டு குளம்பு தட்டியது.

உண்மை என்னவென்று ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாரியத்தின் வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். உள்ளே கிடா மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார். பூனை ஜன்னல் வழியாகத் தப்பிக்க இடம் பார்த்தது. வெள்ளாடுதான் வெளியே போய்ப் பேசிவிட்டு, ஒரு கட்டுக் காகிதத்தோடு நிதானமாகத் திரும்பி வந்தது.

“என்னவாம்?”

“ஒண்ணும் இல்ல தலைவரே. அவங்க புள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு தோல் வேணுமாம்.”

கிடா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தோலுக்கு இப்போது தட்டுப்பாடு என்றும், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறைய கன்றுகள் இருப்பதால் ஒரு வாரத்தில் தாராளமாகக் கிடைக்கும் என்றும் விளக்கினார். தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவள் பிள்ளையை மனதுக்குள் எடைபோட்டாள். பிறகு வரிசை நேரானது.

கடைசியில் நின்ற எருமை கோட்டோரம் போய், அந்தப் பக்கம் துவண்டு கிடந்த தன் மூன்று நாள் கன்றை அதட்டி எழுப்பினாள்.

“நிமிந்து நில்லுடா! பால் வேணும்னு மட்டும் வாயத் தொறந்துடாத. கேக்கற புள்ளைய அவங்க பிரதிநிதியா எடுக்க மாட்டாங்க.”