ரெட் அலர்ட் சார் வீட்டுக்கு எந்த மாசம் வரலாம்?

"...அப்ப ஜனவரியும் கிடையாதுக்கா. பொங்கலுக்கு ஊருக்குப் போன சனம் மொத்தமும் அப்பத்தான் ஜி.எஸ்.டி. ரோட்டுல திரும்பும். பெருங்களத்தூர்லயே உனக்கு விடிஞ்சிரும். வை போனை."

சொந்த அக்காவிடம் இப்படி எரிந்து விழுந்தவர் எங்கள் ஊரப்பாக்கம் தெருவின் ரெட் அலர்ட் சார். வீட்டுக்கு விருந்தாளி வராமலிருக்க வானிலையையே வாசலில் காவலுக்கு நிறுத்திய மனிதர் பூமியில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். டிவியில் மஞ்சள் எச்சரிக்கை என்றால் தெருவில் இறங்கிக் கத்தியே அதைச் சிவப்பாக்கிவிடுவார். பெயர் அப்படி வந்தது.

திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்குத் தம்பி கட்டிய வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட ஆசை. எந்த மாசம் வந்தால் தோதாக இருக்கும் என்று கேட்டதுதான் அவர் செய்த தப்பு. பிப்ரவரியில் கொசு என்றார் சார். மார்ச்சில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுவார்கள், ஏப்ரலில் தோண்டியதை மறந்துவிடுவார்கள். மே மாதம் மனுஷன் வாழ்வதற்கே இல்லை. ஜூலையில் சாயங்காலம் இடி இடிக்கும், உடனே கரண்ட் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்கவே கூடாது. கேட்டால் போனே சுடும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் வருஷா வருஷம் வழி தெரியாமல் எங்கள் தெருவில் தங்கிவிடும். ஐப்பசி பிறந்தால் எல்லார் வீட்டு பிரிட்ஜும் செங்கல் மேல் ஏறும், தை பிறந்தால் இறங்கும். சார் வீட்டிலோ பிரிட்ஜ், பீரோ, கட்டில், சோபா எல்லாமே வருஷம் பூராவும் செங்கல் மேல்தான். அந்த சோபாவில் ஏறி, ஸ்லீப்பர் பஸ்ஸின் மேல் படுக்கையில் உட்கார்ந்த மாதிரி கால் தொங்கத்தான் காபி குடிக்க வேண்டும். இறக்கி வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "மழை உங்ககிட்ட சொல்லிட்டா சார் வரும்?" என்று என் மேல் பாய்ந்தார்.

அன்று அவர் போனை வைத்ததும் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"சீசன் பார்த்து வர, அக்கா என்ன ஊட்டிக்கா சார் வராங்க? உங்களைப் பார்க்க வராங்க."

அவர் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து வேறு இடம் தேடிப் போனது. "தாயில்லாத என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ அவ. தம்பி மெட்ராஸ்ல வீடு கட்டிட்டான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. வந்து, தண்ணிக்குள்ள நிக்கிற வீட்டைப் பார்க்கணுமா?"

சொல்லிவிட்டு, பள்ளம் தோண்டியவனையும் ஏரியையும், கடைசியில் நான் ஸ்கூட்டர் நிறுத்திய லட்சணத்தையும் திட்டினார்.

போன மழையில், டிவியே சிவப்பு எச்சரிக்கை சொன்ன ஒரு காலையில், யாரையும் கேட்காமல் அக்கா தாம்பரத்தில் ரயிலிறங்கி ஆட்டோ பிடித்துவிட்டார். தெருமுனையோடு ஆட்டோ நின்றது. "முட்டி வரைக்கும் தண்ணி கீது சார். ஆயாவ நீ கூட்டிகினு போ" என்றார் டிரைவர், முனைக்கடையில் நின்றிருந்த என்னிடம். அக்கா மூட்டுவலிக்காரர். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தார்.

சார் வாசலில் நனைந்தபடி குதித்தார். "எந்த மாசத்துல வந்து நிக்க? அறிவிருக்கா? நான் வரச் சொன்னேனா?"

அக்கா படியேறி உள்ளே போனார். சுவரைத் தடவிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். "வீடு நல்லாத்தாம்ல இருக்கு. மழை பெய்ஞ்சா நீ என்ன செய்வ?" என்றார். பிறகு சோபாவைப் பார்த்தார். "இதுல நான் எப்படில ஏறுவேன்?"

வெளியே தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்திருந்தது. சார் என்னை ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, சோபாவின் கால்களுக்கு அடியிலிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.