சண்டைக்கு மானியம்

“உங்கள் தெருவில் கடைசியாகச் சண்டை எப்போது நடந்தது?” என்று மறுவாழ்வு மந்திரி ஒருநாள் உலகம்மையிடம் கேட்டார். பல்லக்கை விட்டு இறங்கி, சேற்றில் நடந்து, சந்தைக்குப் பின்னால் இருக்கும் வண்டிக் கொட்டகைவரை வந்து கேட்டார்.

“நான் இப்பம் தெருவுலயே இல்லியே ஐயா. மாட்டோடல்லா இருக்கேன்” என்றாள் உலகம்மை.

மந்திரி ஏன் அப்படிக் கேட்டார் என்பது விளங்க, நெடுமாட நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டில் எல்லோருக்கும் வீடு இருக்க வேண்டும் என்று மன்னர் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். கஜானாவில் கடன் வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று முரசு அறைந்தார்கள். வட்டியை ஆற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வட்டியும் ஏறும். தண்ணீர் இறங்கினால் வட்டி ஏறின இடத்திலேயே உட்கார்ந்து இளைப்பாறும். அந்த வருஷம் நல்ல மழை. பயிர் மூழ்கியது, ஆறு பொங்கியது, வட்டி கூரைக்கு மேலே போய்விட்டது. கட்ட முடியாதவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

ஊசிக்காரத் தெருவில் சண்முகவடிவின் வீடு மட்டும் தப்பியது. முரசு அறைந்த அன்று வடிவு, அடுத்த வீட்டு உலகம்மையோடு கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு முரசு கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. உலகம்மை மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். அவளுக்குக் கேட்டுவிட்டது.

கொஞ்ச நாளில் கஜானாவிடம் ஏராளமான வீடுகள் சேர்ந்தன, உள்ளே ஆள் இல்லை. நாட்டில் ஏராளமான ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு வீடு இல்லை. இதை எப்படித் தீர்ப்பது என்று சபையில் எல்லோரும் யோசித்தார்கள். “திற! திற!” என்று மன்னரின் கிளி கத்தியது. அதன் கூண்டைத் துணி போட்டு மூடிவிட்டு, ‘தெரு உயிர்ப்பு மானியம்’ என்று ஒன்றை அறிவித்தார்கள்.

மானியம் தெருவுக்கு. தெருவை விட்டுப் போனவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. கடன் கட்டாமல் போய், தெருவின் மனத்தைப் புண்படுத்தியவர்கள் அவர்கள். அவர்களுக்கு யாராவது இடம் கொடுத்தால் அந்த வீட்டுக்கும் முத்திரை.

முதல் தவணையில் தெருவுக்கு மஞ்சள் சாயம் அடித்தார்கள். கதவு, பூட்டு, முத்திரை, சன்னலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூனை, எல்லாம் மஞ்சளாயின. தெரு அழகாகிவிட்டதால் அழகு வரி வந்தது. பூட்டிய வீடுகள் கஜானாவுக்குச் சொந்தம். கஜானா தனக்குத் தானே வரி கட்டுவது முறையல்ல. ஆகவே தெரு முழுவதன் வரியும் வடிவின் தலையில் விழுந்தது. அவள் காதிலிருந்த தோட்டை விற்றுக் கட்டினாள்.

அப்படியும் தெரு செத்தே கிடந்தது. அறிஞர் குழு ஒன்று கடல் கடந்து போய், பல தேசத்துத் தெருக்களில் நின்று விருந்து சாப்பிட்டுத் திரும்பியது. அதன் தலைவர் சபையில் எழுந்தார்.

“மன்னா, ஆள் இருக்கும் தெருவிலெல்லாம் சண்டை இருக்கக் கண்டோம். ஆகவே சண்டையை வரவழைத்துவிட்டால், ஆள் இருப்பதாகவே கொள்ளலாம்.”

உடனே அரசாங்கச் சண்டையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். பரீட்சை எழுதித் தேறியவர்கள். ஊசிக்காரத் தெருவுக்கு இருவர் வந்து எதிரெதிரே நின்றார்கள்.

“மதிப்பிற்குரிய அண்டை வீட்டாரே! தங்கள் கோழி எமது எல்லைக்குள் பிரவேசித்ததை வன்மையாகக் கண்டிக்கிறேன்.”

“தங்கள் கண்டனத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறேன்.”

வடிவு சன்னலைத் திறந்தாள். “என்னய்யா இது? சண்டை போடுதியளா, சம்பந்தம் பேசுதியளா?”

மன்னர் தெருவைத் திறந்துவைக்க வரும் நாள் நெருங்கியது. அப்போதுதான், மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஒரு காலத்தில் சண்டை போட்ட உலகம்மையைத் தேடிப் பல்லக்கு புறப்பட்டது.

“சண்டைதான, போடுதேன் ஐயா. என் வீட்டைத் திறந்துவிடுங்க” என்றாள் அவள். “மவளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி கூட்டியாந்துட்டேன். தாய் வீடுன்னு காட்ட ஒரு வாசல் இல்ல. அந்தா, மாட்டுப் பக்கத்துல கால் வீங்கி உக்காந்திருக்கா, பாருங்க.”

“மன்னர் மகிழ்ந்தால் உனக்கு வீடு உண்டு. மந்திரி வாக்கு” என்றார் மந்திரி.

அந்த நாள் வந்தது. தோரணம், நாதஸ்வரம், தெரு நடுவில் சிம்மாசனம். பக்கத்தில் கஜானா அதிகாரி கணக்குப் போடும் மணிச்சட்டத்தோடு உட்கார்ந்தார். மன்னர் ஒருமுறை கைதட்டினால் தெருவின் மதிப்பு ஒரு மடங்கு ஏறும் என்பது விதி. மகளை வடிவின் வாசல் ஓரமாக நிறுத்திவிட்டு உலகம்மை தெருவில் இறங்கினாள். வடிவு அவளைப் பார்த்ததும் மன்னரை மறந்துவிட்டாள்.

“ஏட்டி உலகு! எங்க போய்த் தொலஞ்சே? ஒரு வார்த்தை சொல்லிவிட வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“நீ பெரிய சீமாட்டி! தெரு பூரா ஒனக்குத்தான! ஒத்தையில கெடந்து பயந்து சாகுதியா இல்லியா?”

“சாகுதேன், ஒனக்கென்ன! சண்டைக்கு ஆளில்லாம செவுத்தோட மல்லுக்கட்டுனேன். செவுரு ஒன்னைவிட நல்லா பதில் சொல்லிச்சு!”

மன்னர் கைதட்டினார். மணிச்சட்டத்தில் ஒரு மணி நகர்ந்தது.

“அப்பம் அந்தச் செவுத்தையே கட்டிக்கிட்டு அழு!”

“நெறமாசப் புள்ளத்தாச்சியைச் சாணிக்குள்ள படுக்க வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா? என் உள்வீடு என்ன காட்டுலயா இருக்கு? கூட்டியாந்து படுக்கப் போட்டா கொறஞ்சா போவே, வெக்கங்கெட்டவளே!”

“போட்டா ஒன் கதவுக்கும் அரக்கு வப்பானுவ, கூறுகெட்ட மூதி! அப்புறம் எல்லாருமா எந்த மாட்டுக்கு நடுவுல படுக்க?”

“என்ன பகை! ஆகா, என்ன பகை!” என்று மன்னர் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்று கைதட்டினார். மணிகள் பறந்தன. அறிஞர் குழுவின் தலைவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தத் தெரு உயிர் பெற்றது!” என்று மன்னர் அறிவித்தார். “அந்தப் பெண்ணுக்கு வீட்டைக் கொடுங்கள்!”

மந்திரி செருமினார். “மன்னா, அவளுடைய வீடு சற்றுமுன் விலைபோய்விட்டது. சண்டையின் இனிமையில் என் மைத்துனர் மயங்கி, வாங்கிவிட்டார்.”

“வேறு வீடு இல்லையா?”

கஜானா அதிகாரி எழுந்து வணங்கினார். “இருக்கிறது, மன்னா. தெரு உயிர் பெற்றதற்கான வரியை, ஏறிய மதிப்பின்படி இப்போதுதான் கூட்டினேன். சண்முகவடிவு தன் வீட்டை விற்றாலும் கட்ட முடியாது. ஆகவே அந்த வீடு இந்தக் கணம் முதல் கஜானாவுடையது.”

மன்னர் முகம் மலர்ந்தது. “அப்படியானால், பகைவியின் வீடே உலகம்மைக்குப் பரிசு! என் நீதி எப்படி?”

நாதஸ்வரம் முழங்கியது.

“ஐயா, இவ பகையில்ல!” என்று உலகம்மை கத்தினாள். “எனக்கு வேண்டாம்!”

“மறுத்தால் ஏலத்துக்குப் போகும்” என்றார் மந்திரி மெதுவாக. “உன் மகள் கொட்டகைக்குப் போவாள்.”

மகள் மஞ்சள் சாயம் அடித்த கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வடிவு அவளைப் பார்த்தாள். உள்ளே போனாள். அடுப்பு மூட்டும் சத்தமும், வெந்நீர்ப் பானையை ஏற்றும் சத்தமும், பாயை உதறும் சத்தமும் வெளியே கேட்டன. திரும்பி வந்தபோது கக்கத்தில் ஒரு துணிமூட்டை இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“ஏட்டி வடிவு! எங்கட்டி போறே? என்னைத் திட்டுட்டி!” என்று உலகம்மை ஓடிவந்தாள்.

மந்திரியும் பின்னாலேயே ஓடிவந்தார். “அம்மா, மன்னர் காத்திருக்கிறார். போகும்போது ஒரு வசவு... சின்னதாக ஒன்று...”

சிம்மாசனத்தில் மன்னர் கைதட்டுவதற்கு இரண்டு கைகளையும் தூக்கி வைத்திருந்தார். வடிவு மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, அந்த மஞ்சள் கதவுகளுக்கு நடுவே, ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போனாள்.