சோகத்துக்கு ஒரு முத்திரை

நெய்க்கு முத்திரை உண்டு, தங்கத்துக்கு முத்திரை உண்டு. மனிதன் விடும் கண்ணீருக்குத்தான் இத்தனை காலம் அது இல்லாமல் இருந்தது. அந்தப் பெருங்குறையைப் போக்க அவதரித்ததே 'டெல்டா அசல் ப்ளூஸ் பாதுகாப்புக் குழு'. ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. குழுவின் வெள்ளைக்காரத் தலைவர் விட்கோம்ப் சோகத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதியவர். சொந்தமாகச் சோகம் என்று ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை, பாவம்.

மிசிசிப்பி டெல்டாவில், பருத்திக் காட்டை ஒட்டி மதுக்கடை நடத்தும் கறுப்பினப் பெண் வெர்டெல் அந்தக் குழுவுக்காகத்தான் காத்திருந்தாள். கடையை இடித்துக் கார் நிறுத்துமிடம் போடுவதென்று நகரசபை முடிவு செய்திருந்தது. கதவில் குழுவின் 'அசல்' பலகை ஏறிவிட்டால் ஒருவரும் கை வைக்க முடியாது. ஆகவே, குழு உட்காரச் சொன்னால் படுத்துக்கொள்ளவும் அவள் தயாராக இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோட்டு மாட்டிக்கொண்டு குழு எழுந்தருளியது.

"கூரை ஒழுகுதா?" என்றார் விட்கோம்ப்.

"நாளைக்கே சரி பண்ணிடறேன் சார்."

"ஐயையோ, வேண்டாம்! தொடர்ந்து ஒழுகட்டும்!"

கடையில் பாடும் லூஷியஸ் கிதாரை மடியில் எடுத்துவைத்தான். பகலில் டிராக்டர் பழுது பார்ப்பவன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்: "என் பொண்டாட்டி என்னை விட்டுப் போயிட்டா..."

"எங்கய்யா போனேன்? உன் எதிர்லதானே குந்தியிருக்கேன்!" என்றாள் முன்வரிசையில் கெளுத்தி மீன் வறுவலைக் கடித்துக்கொண்டிருந்த ஒடெஸ்ஸா. அவள்தான் அந்தப் பொண்டாட்டி.

"எதிர்ல இருந்துக்கிட்டே போயிட்டா..."

"காலையில முட்டை பொரிச்சுப் போட்டது யாரு, உங்க அத்தையா?"

"முட்டை போட்டா, உப்பு போட மறந்துட்டா..."

கடையே அதிர்ந்து சிரித்தது. அங்கே பாட்டு வளர்வது அப்படித்தான். அவன் ஒரு வரி கொடுப்பான், கேட்பவர்கள் ஒரு வரி எறிவார்கள், அதைப் பிடித்து அவன் அடுத்ததைக் கட்டுவான். எறிவதற்கு ஆள் இல்லாவிட்டால் பாட்டு நகராது.

விட்கோம்ப் பேனாவைக் கீழே வைத்தார். குழு கூடிக் குசுகுசுத்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அம்மா, பாட்டுப்படி நீங்க போயாச்சு. இங்கே இருக்கறதால உண்மைத்தன்மை அடிபடுது. தயவுசெஞ்சு வெளியே போயிடுங்க. மத்தவங்களும் வாயைத் திறக்கக் கூடாது."

"கல்யாணம் ஆனதுலேருந்து இது என் நாற்காலி!" என்றாள் ஒடெஸ்ஸா. சொல்லிவிட்டு வெர்டெலைப் பார்த்தாள்.

வெர்டெலுக்கு ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் சிநேகிதி. "ஒரே ஒரு பாட்டுக்குத்தான்டி... கடைக்காக..." என்றாள், தலையைத் தூக்காமலே. ஒடெஸ்ஸா தட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

"என் பொண்டாட்டி என்னை விட்டுப் போயிட்டா..."

பதில் இல்லை. மறுபடி பாடினான். அடுத்த வரி வரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தான். விரல் தானாகக் கம்பியில் இறங்கியது.

"கோட்டுப் போட்டு வந்தாங்க, அவளைக் கிளப்பி அனுப்பிட்டாங்க...
ஆமா, கோட்டுப் போட்டு வந்தாங்க, அவளைக் கிளப்பி அனுப்பிட்டாங்க...
அழுடான்னு சொன்னாங்க, ஆண்டவரே, அழவும் வெச்சுட்டாங்க..."

வெர்டெல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது. விட்கோம்பும் அழுதார். "இதுதான் அசல்! அடடா, எங்கேருந்து வந்தது இந்தச் சோகம்!" என்று பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதே பலகை கதவில் ஏறியது. கடை பிழைத்தது.

கடைசித் திருகாணி இறுகியதும் வெர்டெல் கதவைத் திறந்தாள். "உள்ளே வாடி!"

"வரலாமா? இல்லே, அடுத்த பாட்டுல நான் செத்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே ஒடெஸ்ஸா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

விட்கோம்ப் அந்த அரிய பாடலின் விவரத்தைப் பலகையின் அடியில் எழுதிக்கொண்டிருந்தார். 'பாட்டு: லூஷியஸ். சோகம்: லூஷியஸ்.'

வெர்டெல் குனிந்து படித்தாள்.

"பாட்டு அவனுதுதான் சார். சோகத்துக்கு நேரா உங்க பேரைப் போடுங்க. அந்த வேலையைக் காலங்காலமா எங்களுக்கு நீங்கதானே செஞ்சு குடுக்கறீங்க."