சித்தப்பாவின் மீசையும் நான் நட்ட நான்கு கால்களும்

“இந்தப் புள்ள கால் நட்டு கொட்டாய் நிக்குமாக்கும்! ஆடிப் பதினெட்டு வரைக்கும் நின்னுச்சுன்னா நான் மீசைய எடுத்துக்கறேன்” என்றார் சித்தப்பா.

அது சாதாரண மீசை அல்ல. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிக்கு விலை கேட்டால் முதலில் பதில் சொல்வது அதுதான்.

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். (பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நானே.) எனக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசை. சித்தப்பா பொம்மிடியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது ஏரிக்கரை வீடு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தால் வாய்ப்பாட்டைவிடக் கொசு அடிக்கும் சத்தம்தான் அதிகம் கேட்கும். ஒகேனக்கல்லில் ஒரு பங்களா முகப்பில் சுற்றிலும் கம்பிவலை அடித்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதே மாதிரி நம் வாசலிலும் கட்டுகிறேன் என்று கிளம்பியதற்குத்தான் சித்தப்பாவின் அந்த வாழ்த்து.

அப்பா அதையே தீர்ப்பாக்கிவிட்டார். “சித்தப்பன் சொன்ன கெடு வரைக்கும் நின்னா டிரெயினிங். வுழுந்தா பொம்மிடி.”

தச்சர், “வேம்பு காயணும், தை மாசம் பாக்கலாம்” என்றார். தை வரை பொம்மிடி காத்திருக்குமா? நானே இறங்கினேன். வேலியில் ஒதியமரக் கிளைகள் நேராக, வழவழவென்று, நுனியில் இரண்டாகப் பிரிந்த கவையோடு நின்றன. நான்கை வெட்டி மூலைக்கால்களாக நட்டேன். மூன்று, நான்கு, ஐந்து முழம் என்று கயிறு பிடித்து மூலை மட்டம் பார்த்தேன். (கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.) கவைகளின் மேல் உத்தரம், அதன்மேல் தென்னங்கீற்று, சுற்றிலும் கம்பிவலை. உத்தரமும் ஒதிதான். ‘ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது’ என்ற பழமொழியைப் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு விளக்கியவள் நான். பரீட்சையில் வந்த ஒதியும் வேலியில் நின்ற ஒதியும் ஒன்று என்று மட்டும் தோன்றவே இல்லை.

மழை பெய்தது. கால்கள் விழவில்லை, துளிர்த்தன. நான்கு மூலையிலும் கொத்துக் கொத்தாகத் தளிர்.

“ஏம்மா, கொட்டாய்க்கு எரு வெச்சியா?” என்று தெருவே கேட்டுக்கொண்டு போனது.

“நிக்குதுங்களா, இல்லைங்களா?” என்றேன், மூக்கை உயர்த்தி.

ஆடிப் பதினெட்டு வந்தது. சித்தப்பாவுக்குக் கொட்டாய்க்குள்ளேயே இலை போட்டேன்.

“பாத்தீங்களா சித்தப்பா, நின்னுடுச்சுங்க.”

“பொழுது இன்னும் சாயலம்மா.”

பாயசம் ஊற்றும்போது எங்கள் ஆட்டுக்கிடாய் வந்தது. முன்னங்கால்களை மூலைக்காலில் ஊன்றித் தளிரை இழுத்தது. கவை ஆடியது. சித்தப்பா எழுந்து, வலைக்கு இந்தப் பக்கமிருந்தே அதற்கு ஒரு குத்து விட்டார். எங்கள் கிடாய்க்கு மானம் ஜாஸ்தி. பின்வாங்கி ஓடிவந்து முட்டியது. வலை கிழிந்தது, கவை பிளந்தது, உத்தரம் நழுவியது, கீற்று மொத்தமும் சரிந்தது.

புழுதி அடங்கியபோது சித்தப்பாவும் கிடாயும் வலைக்குள் ஒகேனக்கல் மீன்களைப் போலச் சுருண்டு கிடந்தார்கள். இருவருக்கும் காயமில்லை. மீசையின் வலப்பக்கம் மட்டும் கிழிந்த கம்பியில் சிக்கியிருந்தது. அதில் ஒட்டிய பாயசத்தைக் கிடாய் நக்கிக்கொண்டிருந்தது.

“இழுக்காதடி, உசுரு போவுது!”

“வெட்டிடட்டுங்களா?”

“வெட்டித் தொலை! மொதல்ல இந்தக் கிடாயைப் புடி!”

அம்மா கத்திரிக்கோலோடு ஓடிவந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொம்மிடி ரயில் என் காதுக்குள்ளேயே கூவியது.

அரை மீசையோடு எங்கே போவது? மறுநாள் மீதியையும் வழித்துவிட்டு, அப்பாவோடு சந்தைக்குப் போனார் சித்தப்பா.

“என்னங்க, மீசை எங்கங்க?” என்று சந்தையே திரண்டது.

கிடாயைச் சொல்வதா, பந்தயத்தைச் சொல்வதா? அதிகம் யோசிக்கவில்லை அவர். “அண்ணன் புள்ளகிட்ட பந்தயத்துல தோத்துட்டங்க. படிச்ச புள்ள, கட்டுன கொட்டாய் நின்னுடுச்சு.”

அப்பா தக்காளிக் கூடையை இறக்கி வைத்தார். “நாலு பேரு முன்னால நீயே சொல்லிட்ட. இனி பேச்சு மாறக் கூடாது.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பந்தயம் என்று வாயெடுத்தால், “மொதல்ல கிடாயைக் கட்டிட்டு வா” என்பார்கள். சித்தப்பாவின் மீசை மறுபடி வளர்ந்துவிட்டது. நான் நட்ட கால்களும்தான். கிடாய் பிளந்தது போக மற்ற மூன்றும் மரங்களாகிவிட்டன. நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன விடுமுறையில் நான்கு மூலைக்கும் கல்கால் நட்டு, உத்தரத்துக்கு வேம்பு அறுத்துக் காயப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சித்தப்பா ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார். மீசையைக் கையால் பொத்திக்கொண்டு போய்விட்டார்.