கலியாண விசாரிப்பில் அகப்பட்ட நாவல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ல, ள, ழ மூன்றும் என் பேனாவைக் கண்டால் கதிரை மாறி உட்கார்ந்துவிடும். மகள் திருத்தித் தருவதாகச் சொன்னாள். பிரான்சில் பிறந்தவள், தமிழில் என்னிலும் மோசம். ஆகவே பிழைகளோடேயே பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கூச்சக்காரன். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொண்டாட்டங்களில் படம் எடுக்கும்போது தூணைத் தேடிப் போய் அதற்குப் பின்னால் நிற்பவன். (மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பத்தில் என்னுடைய ஒரு காது மட்டும் இருக்கிறது.)

ஆனால் கதைப் புத்தகம் என்று வந்தால் வாய் மூடாது. அதுவும் ஒரே ஒருவரிடம். அவர் அல்பிரட் அண்ணை. லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் சமையற்காரர், மன்னார் ஆள். அவர் கறி வைப்பார், நான் ரொட்டி தட்டுவேன். இரண்டு பேரும் வாசிப்பதற்காகவே கடை லீவு விடும் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்போம்.

ஒருமுறை அவர் இரண்டு தடித்த பாகங்களாக ஒரு நாவல் வாங்கி வந்தார். தமிழில் மொழிபெயர்த்த வெள்ளைக்காரக் கதை. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பம். மூன்று தலைமுறைக் காதல், பகை, கலியாணம் எல்லாம் அதற்குள் இருந்தது. ஆண்கள் எல்லோருக்கும் அகன்ற மார்பு, பெண்கள் எல்லோருக்கும் காற்றில் பறக்கும் கூந்தல் என்பது ஒரு குறைதான். முத்தம் வரும் பக்கங்களைத் தான் விரலால் தள்ளிவிட்டுப் போவதாக அல்பிரட் அண்ணை சொன்னார். (புத்தகம் என் கைக்கு வந்தபோது அந்தப் பக்கங்கள்தான் அதிகம் கசங்கியிருந்தன.)

ஆனாலும் எழுதினவர் கெட்டிக்காரர். ஓர் இடத்தில் ஒருவன் தான் விரும்பும் பெண்ணிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், மாரிக்காலம் முழுக்க அவளுடைய வேலியைத் திருத்திக்கொண்டே இருக்கிறான். மாரி முடியும்போது அவள் ஒரு கோப்பைக் கோப்பியை வேலிக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். அதை வாசித்த அன்று நான் இறங்கவேண்டிய ஸ்ரேசனைத் தாண்டிப் போய்விட்டேன். என்னைப் போன்ற வாயில்லாத ஆட்களுக்கும் உலகத்தில் காதல் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே.

அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஆகவே தகப்பனைப் பெரியவர் என்றும், மகன்களை மூத்தவர், இளையவர் என்றும் சொல்லிக்கொண்டோம். நாளடைவில் அந்தக் குடும்பம் எங்களுக்கு 'எங்கடை ஆக்கள்' ஆகிவிட்டது. நாசம் தொடங்கியது அங்கேதான்.

அந்த நேரம் என் மகள் நிரோஜாவுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சென் தெனியில் அவளோடு ஒரே ஒபீசில் வேலை செய்த சுஜீவன் என்ற பெடியன். இருவரும் விரும்பிவிட்டார்கள். பெடியனின் தாய் பொபினியில் இருந்தார். மறுக்கவில்லை, ஆனால் விசாரித்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். விசாரிப்பு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெண்ணின் தகப்பன் வேலை செய்யும் இடத்துக்கு யாரோ ஒருவர் சாப்பிட வந்தவர் போல வந்து இருப்பார். ஒரு வாய்ப்பனும் தேத்தண்ணியும் எடுத்து, ஒரு மணித்தியாலம் காதைத் தீட்டிக்கொண்டு போய்விடுவார். நானும் என் தங்கை மகளுக்காக அப்படிப் போய் இருந்தவன்தான்.

ஆனால் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நாங்கள் சமைக்கும் குசினி யன்னலுக்குப் பக்கத்து மேசையில் தொப்பி போட்ட ஒருவர் நெடுநேரம் இருந்தபோது, எனக்கு அது உறைக்கவில்லை. நாங்கள் அப்போது கதையின் உச்சத்தில் நின்றோம்.

"பெரியவர் செய்தது அநியாயம்," என்றார் அல்பிரட் அண்ணை. "காணி முழுக்க இளையவன்ரை பேரிலை எழுதிப்போட்டு மூத்தவனை வெறுங்கையோடை விட்டால், அவன் துவக்குத் தூக்காமல் என்ன செய்வான்?"

"எங்கடை மூத்தவர் அண்டைக்குச் சுட்டிருந்தால் குடும்பமே அழிஞ்சிருக்கும் அண்ணை. நல்ல காலம், அவரின்ரை மனிசி குறுக்கை வந்து நிண்டவ."

"அவ ஏன் வந்து நிண்டவ? புருசனைக் காப்பாத்தவோ, இளையவனைக் காப்பாத்தவோ? அதைச் சொல்லும் பாப்பம்."

எனக்கோ பெரியவர் செத்த கட்டம் நினைவுக்கு வந்து, ரொட்டி மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன். தொப்பிக்காரர் எழும்பிப் போனார். தேத்தண்ணி பாதி அப்படியே இருந்தது.

அடுத்த நாள் பெடியனின் தாய் என் மனைவிக்கு ரெலிபோன் எடுத்தார். உங்கள் குடும்பத்தில் கனக்கப் பிரச்சினை என்று கேள்விப்பட்டோம், கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றார். என்ன பிரச்சினை என்று மனைவி கெஞ்சிக் கேட்டதற்கு, உங்கள் அவருடைய தமையன் துவக்கோடு நின்றவராமே என்றார்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு நாவல் நினைவுக்கு வராது, யுத்தம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. என் தமையன் கனடாவில் பஸ் ஓட்டுகிறவர். ஊசி போடக் கண்டாலே மயங்கி விழுகிற மனிதர்.

"இஞ்சாருங்கோ, உங்கடை அண்ணர் அங்கை உண்மையிலை என்ன செய்யிறார்?" என்று மனைவி கேட்ட கேள்வியில் எங்கள் முப்பது வருசக் குடும்ப வாழ்க்கை ஆடியது.

கனடாவுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அண்ணர் துவக்கைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அது கிடக்கட்டும், காணியை ஆரின்ரை பேரிலை எழுதினதாம்?" என்றார். (ஊரில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இருப்பது உண்மை. அவர் அடுத்த மாதமே ஊருக்கு ரிக்கெற் போட்டு, காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தது தனிக் கதை.)

நிரோஜா சத்தம் போடவில்லை. அறைக்குள் போனவள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். அவள் கண்களைப் பார்க்கப் பயந்து நான் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெடியனைத் தவிர வேறு ஒருவரையும் கட்டமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். சொன்னதை மாற்றுகிற பிள்ளை இல்லை.

மனைவி ரெலிபோனில் கேட்ட குற்றச்சாட்டுகளில் கடைசியை அப்போதுதான் சொன்னாள். எட்டாயிரம் மாடு வைத்திருக்கிற குடும்பம் ஏன் லா கூர்னெவில் வாடகை வீட்டில் இருக்கிறது, எதை ஒளிக்கிறார்கள் என்றும் அந்த மனிசி கேட்டாராம்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பப்பா," என்றாள். பிறகு பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அது உங்கள் புத்தகம். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். மனைவி ஒன்றுமே செய்யவில்லை, என் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

நேரில் போய் நானே சொல்லவேண்டும் என்று முடிவானது. ரெலிபோனில் சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த சனிக்கிழமை முதலாம் பாகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகளோடு பொபினிக்குப் போனேன். சோபாவில் பெடியனின் தாய், தகப்பன், நடுவில் தாய்மாமன். தொப்பி இல்லாமலும் அவரை அடையாளம் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது.

மகள் என் முழங்கையில் மெல்ல இடித்தாள். "இது கதை," என்றேன்.

"கதையைத்தான் கேட்டனான் தம்பி, என்ரை காதாலை," என்றார் மாமன். "புத்தகத்துக்கு ஆராவது அழுவினமோ? நீங்கள் அழுதனீங்கள்."

வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "பெரியவர் சாகேக்கை மூத்தவரைத்தான் தேடினவர் ஐயா. மூத்தவருக்கு அது தெரியாது," என்றேன். அதை விளங்கப்படுத்த முதலில் இருந்து சொல்லவேண்டி வந்தது. வேலி, குதிரை, வறட்சி, காணி என்று சொல்லிக்கொண்டே போனேன். எப்போது நாற்காலியின் நுனிக்கு வந்தேன், எப்போது கையை ஆட்டத் தொடங்கினேன் என்று தெரியாது. மாமன் புத்தகத்தை வாங்கித் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் வைத்து, "எட்டாயிரம் மாடு எண்டுதான் கிடக்கு," என்று ஏமாற்றமாகச் சொன்னார். அதுவரை பேசாத தகப்பன், அந்தக் குதிரைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

துவக்குக் கட்டத்துக்கு வந்ததும், மூத்தவரின் மனைவி யாரைக் காப்பாற்றக் குறுக்கே நின்றார் என்பதில் எனக்கும் அல்பிரட் அண்ணைக்கும் இன்னும் முடிவு வரவில்லை என்றேன்.

"இதிலை என்ன யோசிக்கக் கிடக்கு?" என்றார் பெடியனின் தாய். "அவ அவை ரெண்டு பேரையும் காப்பாத்தேல்லை அண்ணை. தன்ரை பிள்ளையளைத்தான். தேப்பன் கொலைகாரன் எண்டால் நாளைக்கு ஆர் வந்து கட்டுவினம்?"

கிழமைக் கணக்காக நாங்கள் இரண்டு ஆண்கள் குசினிக்குள் நின்று சண்டை பிடித்தும் எட்டாத இடம் அது. அந்த நாவலை அன்றைக்குத்தான் நான் சரியாக வாசித்தேன் என்று சொல்லவேண்டும்.

"அப்ப அந்தப் பிள்ளையளுக்குக் கலியாணம் சரிவந்ததோ?" என்று தாய் தொடர்ந்து கேட்டார்.

அது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது, இரண்டாம் பாகம் அல்பிரட் அண்ணையிடம் இருக்கிறது, நான் இன்னும் படிக்கவில்லை என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு நிரோஜாவைப் பார்த்தார். பிறகு முதலாம் பாகத்தை மாமனின் கையில் இருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வாற கிழமை மற்றதையும் கொண்டு வாங்கோ அண்ணை. அப்பிடியே நல்ல நாளும் பாப்பம்."

கலியாணம் நல்லபடி நடந்தது. மண்டபத்தில் மாமன் என் தோளைப் பிடித்து மேசை மேசையாகக் கூட்டிக்கொண்டு போய், எட்டாயிரம் மாட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தார். ஒளிய ஒரு தூணும் இல்லாத மண்டபம். ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பண்ணையில் தன் மச்சானுக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

மாமன் இன்றைக்கும் எல்லாக் கொண்டாட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் மாடுகள் கன்று போடுகின்றன. போன மாதம் பேரனின் பிறந்தநாளில் பன்னிரண்டாயிரம் ஆகிவிட்டது, நான் ஒரு துவக்கும் வைத்திருந்தேனாம். இதற்கு மேல் பெருகுமுன் உள்ளதை எழுதி வைக்கச் சொன்னாள் மகள்.

எழுதிவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை, கடை லீவு.

லா கூர்னெவ், 17 பங்குனி 2026.