சம்பந்தப்பட்ட இடம்

மனித உடலில் இத்தனை உறுப்புகள் என்று பாடப்புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும். எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனை அதில் ஒன்றைக் குறைத்தே சொல்லும். அறியாமையால் அல்ல, பண்பாட்டால். ஆசனவாய் என்று ஒன்று இருப்பதை அது வதந்தியாகவே கருதி வந்தது. தவிர்க்கவே முடியாதபோது, "சம்பந்தப்பட்ட இடம்" என்று கண்ணியமாகக் குறிப்பிடும். அப்பேர்ப்பட்ட நிறுவனத்துக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரால் சோதனை வந்தது.

மாஸ்டருக்கு நாற்பத்திரண்டு வயது. காலை முதல் மாலை வரை கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்வது அவர் தொழில். ஒரு வருடமாகச் சலூன்காரர் ஒருவரோடு குடித்தனம். "அண்ணன் தம்பி மாதிரி என்ன ஒத்துமை!" என்று மேல்வீட்டு அக்கா மெச்சுவார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை ஏற்பார்கள்.

ஆறு மாதமாக மாஸ்டருக்குச் சம்பந்தப்பட்ட இடத்தில் வலி. கழிப்பறைக்குப் போனால் ரத்தம். வண்டி வேகத்தடை ஏறும்போதெல்லாம் தேசிய கீதம் கேட்டவர்போல் எழுந்து நிற்கப் பார்ப்பார், கூரை இடிக்கும்.

மருத்துவமனைக்குப் போனார். முதல் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்.

"வலி அங்க இல்ல டாக்டர். ரத்தம் வேற போகுது."

"அதெல்லாம் பின்னால பாத்துக்கலாம்."

மாஸ்டர் நன்றியோடு திரும்பி நின்றார்.

"யோவ், பின்னாலன்னா அப்புறம்னு அர்த்தம்!" என்று டாக்டர் அலறினார். வயிற்றெரிச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிறு எரியவில்லை என்று மாஸ்டர் சொன்னார். போகப் போக எரியும் என்றார் டாக்டர்.

எலும்பு டாக்டர் முதுகைப் படமெடுத்தார். வலியில் கண்ணீர் வருகிறது என்று மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட, கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் சொட்டு மருந்து கொடுத்தார். நான்காவது டாக்டர் மனநிபுணர்.

"கல்யாணம் ஆச்சா?"

"ஒருத்தரோட இருக்கேன் டாக்டர். அவர் சலூன் வெச்சிருக்கார்."

'அவர்' என்ற சொல் மேசைமேல் விழுந்தது. நிபுணர் அதைத் தொடாமல் பேனாவை மூடினார். "காலைல நடங்க. எல்லாம் சரியாயிடும்."

நடந்தார். வலியும் கூடவே நடந்தது. புற்றுநோயோ, அதைவிட மோசமானதோ என்று மாஸ்டர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். சலூன்காரரிடம் பாதிதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நர்ஸ் வண்டி ஓட்டக் கற்க வந்தார். அதே மருத்துவமனையின் கொல்லைப்புறத்தில், பிணவறைக்கும் சலவையறைக்கும் நடுவில் இருந்த பால்வினை நோய்ப் பிரிவில் அவருக்கு வேலை. மூன்றாம் நாள் ஒரு நாய் குறுக்கே வர, பிரேக்கில் ஏறி நின்றார். நாய் பிழைத்தது. மாஸ்டர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் வண்டியை ஓரங்கட்டினார். "எங்க சார் வலிக்குது?"

"சம்பந்தப்பட்ட..."

"ஆசனவாயா?"

அந்தச் சொல்லை ஒரு மனுஷி வாயால் கேட்டதும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சொட்டு மருந்து போட்டும் நிற்காத கண்ணீர் அது. எல்லாவற்றையும் சொன்னார். சலூன்காரரையும் சேர்த்து.

"சரி. ஆணுறை போடுறீங்களா?"

"போடுறோம் சிஸ்டர். கிழிஞ்சு கிழிஞ்சு போகுது."

"கூட என்ன தடவுறீங்க?"

"அவர் கடை எண்ணெய்தான். அசல் மூலிகை. முடி கொட்டவே கொட்டாது."

நர்ஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். "சார், எண்ணெய் பட்டா ரப்பர் இத்துப்போகும். தண்ணில கரையுற ஜெல்லுன்னு மருந்துக் கடைல கேளுங்க, தாராளமா போடுங்க. முடி கொட்டுறதப் பத்தி அங்க யாரும் கவலப்படப் போறதில்ல."

மறுநாள் கொல்லைப்புற அறையில் நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆறு மாதம் நான்கு டாக்டர்களால் ஆகாத காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெடிப்பு. பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியில் ஒரு தொற்றும் தெரிந்தது.

அன்று மாஸ்டர் வீட்டுக்குப் போகாமல் நேரே சலூனுக்குப் போனார். பாதி முகச்சவரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் காதில் சொன்னார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாருகிட்டேர்ந்து வந்திச்சாம்?"

"தெரியல. உனக்கும் பாக்கணுமாம்."

சலூன்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாடிக்கையாளரிடம், "மீதி நாளைக்கு அண்ணே" என்று சொல்லிக் கடையைச் சாத்தினார். வாடிக்கையாளர் அரைத் தாடியோடு தெருவில் நின்றார்.

நர்ஸிடமும் சலூன்காரர் அதே கேள்வியைக் கேட்டார்.

"அது கோர்ட்ல கேக்குற கேள்வி. அறிகுறியே இல்லாம பல நாள் இருக்கும். இங்க ரெண்டு பேருக்கும் ஊசி, அவ்வளவுதான். புண்ணு ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா இருங்க. தண்ணி குடிங்க, காய்கறி நிறைய சாப்பிடுங்க, வெதுவெதுன்னு தண்ணில உக்காருங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து பரிசோதிச்சுக்கங்க."

"எண்ணெய்?" என்றார் சலூன்காரர் ஈனக் குரலில்.

"தலைக்கு."

இரண்டு வாரத்தில் மாஸ்டர் வேகத்தடைமேல் உட்கார்ந்தபடியே போனார். கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நர்ஸ் பதிவேட்டில், 'பரிசோதித்த உறுப்பு: ஆசனவாய்' என்று எழுதிவிட்டார். அதைப் பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மாஸ்டரை அழைத்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்க நம்ம ஊர்ல கிடையாதுன்னு போன வாரம்தான் அறிக்கை அனுப்பினேன்."

"நான் இங்கதானே சார் உக்காந்திருக்கேன்?"

"நீங்க உக்காந்திருக்கீங்க. அறிக்கை போயிடுச்சே!" கண்காணிப்பாளர் வியர்வையைத் துடைத்தார். "அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருது. இங்க எந்த டாக்டரும் அந்த இடத்தைப் பாக்கலன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா அந்த நர்ஸை சலவைக்கு மாத்த வேண்டியிருக்கும்."

மாஸ்டர் யோசித்தார். "டாக்டருங்க பாக்கலன்னுதானே சார்? அது உண்மைதான், தாராளமா எழுதலாம்."

எழுதினார்: 'ஆறு மாத காலமாக ரத்தம் போகிறது என்று இம்மருத்துவமனையின் நான்கு டாக்டர்களிடம் முறையிட்டேன். ஒருவர்கூடச் சம்பந்தப்பட்ட இடத்தைப் பார்க்கவில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.'

கண்காணிப்பாளர் இருமுறை படித்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! மூலத்தை எங்கிட்ட குடுத்துட்டு நகலை நீங்க வெச்சுக்கங்க" என்று சொல்லி, சிவப்பு மையால் 'ஒருவர்கூட' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

உலகில் எத்தனையோ மருத்துவமனைகள்மேல் எத்தனையோ குற்றப்பத்திரிகைகள் உண்டு. அதைத் தானே கேட்டு வாங்கி, அடிக்கோடிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டி, பக்கத்தில் கைகட்டி நின்று படமும் எடுத்துக்கொண்ட பெருமை எங்கள் ஊர் மருத்துவமனைக்கு மட்டுமே உரியது.